மேனேஜருக்கு வயிறு சரியில்லை

அவள்: மேனேஜர், கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லுடா. ஒவ்வொரு பள்ளத்துலயும் உன் வயிறு குலுங்குது.

அவன்: பூனை எப்படிச் சொல்லும்? நேரா என்கிட்டயே சொல்லலாம்ல.

அவள்: இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ ராஜா. வந்துட்டோம்.

அவன்: ரெண்டு வாரமா இதே கதைதான். மத்த வீட்ல பொண்டாட்டி புருஷனைத் திட்டுவா. எங்க வீட்ல பூனைகிட்டச் சொல்லித் திட்டுவா. குழாய் ஒழுகினாக்கூட அது வழியாத்தான் தகவல்.

அவள்: காதுல விழுந்துச்சுல்ல, போதும்.

அவன்: விழுந்துச்சு. குழாயும் சரி பண்ணியாச்சு.

அவள்: பார்த்தேன்.

அவன்: என்ன பண்றான் இப்ப?

அவள்: கண்ணை மூடிட்டிருக்கான். வாயோரம் எச்சில் வடியுது... ஐயோ, மறுபடியும் குமட்டறான். வண்டியை நிறுத்துங்க.

அவன்: இங்க எங்க நிறுத்த? பின்னாடி பஸ் வருது.

அவள்: நிறுத்துங்கன்னா நிறுத்துங்க.

அவன்: சரி, சரி... ஓரம் கட்டிட்டேன். அந்தத் துண்டை எடு. அங்க இல்ல, பின் சீட்ல, என் டூல்ஸ் பெட்டிக்குப் பக்கத்துல.

அவள்: இதுவா? இது கிரீஸ் துடைக்கிற துணி.

அவன்: அதுக்குக் கீழ.

அவள்: ...வெறும் நுரைதான். மஞ்சளா. உள்ள ஒண்ணுமே இல்ல பாவம், காலைலேர்ந்து எத்தனை தடவை எடுப்பான்.

அவன்: கீழ போறது? இன்னமும் தண்ணியாத்தானா?

அவள்: கூடைப் பக்கம் மூக்கை வச்சுப் பாருங்க, தெரியும்.

அவன்: இங்கேர்ந்தே தெரியுது. ஜன்னலை இறக்கு... யாருடா இந்த நேரத்துல. ஹலோ? ஆமா சொல்லுங்க. லிஃப்ட் நடுவுல நிக்குதா? உள்ள யாராவது... இல்லையா, அப்ப சரி. வேற யாரையாவது அனுப்புங்க, நான் இப்ப வர முடியாது. மேனேஜருக்கு வயித்தால போகுது... நம்ம மேனேஜர் இல்லைங்க. எங்க மேனேஜர். வீட்ல இருக்கிறவர்... ஆமா, அவருக்கு வாலும் இருக்கு. அப்புறம் விளக்கறேன், வைங்க.

அவள்: பாதி பேச்சுக்கே உங்க ஆபீஸ்ல எல்லாரும் பழம் வாங்கிட்டு அந்த மேனேஜரைப் பார்க்கக் கிளம்பியிருப்பாங்க.

அவன்: போகட்டும். அந்த மனுஷனையும் யாராவது வந்து பார்த்தா நல்லதுதான்.

அவள்: இப்படி ஒரு பேரை வச்சவங்களைச் சொல்லணும்.

அவன்: வச்சது யாரு? வந்த அன்னைக்கே சோபா நடுவுல உக்காந்துக்கிட்டு, ஒரு வேலையும் செய்யாம எல்லாரையும் முறைக்குதுன்னு நீதானே...

அவள்: சிரிப்பு மூட்டாதீங்க. எனக்கு அழுகை வருது.

அவன்: எனக்கு மட்டும் என்ன வருதாம்?

அவள்: வண்டியை எடுங்க.

அவன்: நேத்து ராத்திரி நல்லாத்தானே இருந்தான். உன் ரூம்லதானே படுத்தான்?

அவள்: என் ரூம்லயா? உங்க ரூம்லன்னுல்ல நினைச்சேன்.

அவன்: என் ரூமுக்கு வந்தான். வந்துட்டு... போயிட்டான்.

அவள்: என்கிட்டயும் அப்படித்தான். வந்தான், போயிட்டான்.

அவன்: சரி விடு. ஹால்ல படுத்திருப்பான்.

அவள்: சாப்பாடு என்ன போட்டீங்க?

அவன்: எப்பவும் போடறதுதான். நீ?

அவள்: எப்பவும் போடறதுதான்.

அவன்: அப்ப எதுக்கு இப்படி ஆகுது?

அவள்: எனக்கென்ன தெரியும்... அதோ, அந்த ஆஸ்பத்திரிதானே? ஷட்டரைப் பாதி இறக்கிட்டாங்க. சீக்கிரம்.

அவன்: நீ கூடையை எடுத்துட்டு ஓடு. குனிஞ்சு போ, தலையில இடிச்சுக்காத. டாக்டர்... டாக்டர், ஒரு நிமிஷம்...

டாக்டர்: இன்னைக்கு அரை நாள்தாங்க, மூடிக்கிட்டிருக்கேன்... என்ன, பூனையா? சரி, மேஜை மேல வைங்க. பேரு?

அவன்: மேனேஜர்.

டாக்டர்: உங்க வேலையைக் கேக்கல. பூனை பேரு.

அவன்: பூனை பேருதான் டாக்டர். நான் லிஃப்ட் மெக்கானிக்.

டாக்டர்: ஓ, இவரா? போன தடவை என் ஸ்டெதாஸ்கோப்பைக் கடிச்சவரு. வாங்க சார். எப்பலேர்ந்து இப்படி?

அவள்: காலைலேர்ந்து. முதல்ல வாந்தி. அப்புறம் கீழயும் போக ஆரம்பிச்சுது. தண்ணி வச்சா மோந்து பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிறான்.

டாக்டர்: ரத்தம் கலந்து போச்சா?

அவள்: இல்ல. நான் ஒவ்வொரு தடவையும் பார்த்தேன்.

டாக்டர்: ம்... இங்க பாருங்க. கழுத்துத் தோலை இப்படித் தூக்கி விட்டா டக்குனு படியணும். இது யோசிச்சு யோசிச்சுப் படியுது. ஈறும் காஞ்சு ஒட்டுது. உடம்புல தண்ணி இல்ல.

அவள்: ஏதாவது ஆயிடுமா டாக்டர்?

டாக்டர்: அது உங்க கையிலதான் இருக்கு. என்ன தின்னுச்சுன்னு எனக்குச் சரியாத் தெரியணும். கண்ட விஷத்தையும் தின்னிருக்கலாம். நூலை முழுங்கியிருக்கலாம். அது தெரியாம நான் பாட்டுக்கு வாந்தியை நிறுத்தி வச்சா விபரீதமாப் போயிடும். நேத்து என்ன குடுத்தீங்க?

அவன்: எப்பவும் குடுக்கறதுதான்.

அவள்: ஆமா, அதேதான்.

டாக்டர்: வயிறு மத்தளமா இருக்கு. எப்பவும் குடுக்கறதுக்கு இப்படி ஊதாது. சரி, போன தடவை வயித்துப் பூச்சிக்கு மருந்து குடுத்தனுப்பினேனே, அது?

அவன்: குடுத்தாச்சு.

அவள்: ம், குடுத்தாச்சு.

டாக்டர்: யாரு குடுத்தது? சுவத்துல என்ன தெரியுது, ரெண்டு பேரும் அங்கயே பார்க்கறீங்க? நீங்களா சார்?

அவன்: இல்ல, அவதான். அன்னைக்கு மருந்து குடுத்தாச்சான்னு கேட்டேன், குடுத்தாச்சுன்னு சொன்னா.

அவள்: என்கிட்ட எங்க கேட்டீங்க? பூனைகிட்டத்தானே கேட்டீங்க. "என்ன மேனேஜர், மருந்து குடுத்தாச்சா"ன்னு. நீங்களே குடுத்துட்டுச் சும்மா சீண்டறீங்கன்னு நினைச்சு, "குடுத்தாச்சுன்னு சொல்லுடா"ன்னேன்.

அவன்: அதான், நீ குடுத்துட்டேன்னு நான் நினைச்சுட்டேன்.

அவள்: எனக்கென்ன கிறுக்கா? அந்தக் கசப்பை வாயைத் திறந்து ஊத்தினா, அப்புறம் அவன் என்கிட்ட வருவானா?

அவன்: அதே கணக்குதான் எனக்கும்.

டாக்டர்: இருங்க, இருங்க. குடுத்தாச்சு, குடுத்தாச்சுங்கறீங்க, குடுத்த ஆளை மட்டும் காணோம். இந்த ஒரு 'ஆச்சு'வை வச்சுக்கிட்டுத்தான் எல்லா வீட்லயும் எல்லாரும் தப்பிக்கிறாங்க. பார்த்தாச்சு, கட்டியாச்சு, சொல்லியாச்சு. யாருன்னு கேட்டா ஆள் கிடையாது.

அவள்: நல்லாக் கேளுங்க டாக்டர். எங்க வீட்ல பெரிய பெரிய முடிவெல்லாம் 'ஆச்சு'லதான் வரும். சாப்பிட உக்காரும்போது, தட்டைப் பார்த்துக்கிட்டு, "கையெழுத்துப் போட்டாச்சு"ன்னு.

அவன்: அது இப்ப எதுக்கு?

டாக்டர்: என்ன கையெழுத்து?

அவன்: அது... ஆபீஸ் விஷயம் டாக்டர். நீங்க இவனைப் பாருங்க.

டாக்டர்: இவனைப் பார்க்கத்தான் கேக்கறேன். இனிமே எதைச் சொன்னாலும் 'நான்'னு ஆரம்பிச்சுச் சொல்லுங்க. முதல்ல நீங்கம்மா.

அவள்: நான்... கொஞ்சம் பால் வச்சேன்.

டாக்டர்: கொஞ்சம்னா?

அவள்: ஒரு கிண்ணம். ஆடையோட.

அவன்: எப்ப?

அவள்: நீங்க குளிக்கப் போனப்ப.

அவன்: அதான் கிண்ணம் ஈரமா இருந்துச்சா? அதுலதான் நான் மீன் வச்சேன்.

அவள்: மீனா? என்ன மீன்?

அவன்: டின்ல வரும்ல... எண்ணெயில ஊறினது.

அவள்: நினைச்சேன். சாயங்காலம் மீசையெல்லாம் பளபளன்னு இருந்துச்சு. நான் வச்ச பால்தான் அவனுக்கு ஒட்டுதுன்னு மனசுக்குள்ள பூரிச்சுப் போயிட்டேன்.

டாக்டர்: அப்புறம்?

அவள்: நான் வெண்ணெய் குடுத்தேன். விரல் நுனியில.

அவன்: எத்தனை விரல்?

அவள்: உங்க முகத்துலயும் பாக்கி இருக்கு. சொல்லுங்க.

அவன்: நான்... ஈரல் குடுத்தேன். வேக வச்சதுதான் டாக்டர். கொஞ்சம் சீஸும்.

அவள்: கேட்டா சீஸ் டப்பா காலியாயிடுச்சு, வாங்கணும்னு பூனைகிட்டச் சொன்னீங்க.

அவன்: காலியானது உண்மைதானே.

டாக்டர்: மருந்துன்னா ஒருத்தரும் பக்கத்துல போகல. தீனின்னா நீ முந்தி நான் முந்தின்னு ஓடியிருக்கீங்க. ஏங்க, போதும்னு ஒருத்தருக்குமா தோணல?

அவன்: அவன் இன்னும் கேட்டான் டாக்டர். காலைச் சுத்திச் சுத்தி வந்தான். ரொம்ப நாளைக்கப்புறம் என் காலை...

அவள்: என் காலைத்தான் முதல்ல சுத்தினான்.

டாக்டர்: காலைப் பத்தி அப்புறம் பேசலாம். நூல், ரப்பர் பேண்ட், பூந்தொட்டிச் செடி? மனுஷங்க மாத்திரை எதாவது?

அவள்: ஐயோ, அதெல்லாம் இல்லவே இல்ல.

அவன்: சத்தியமா இல்ல.

டாக்டர்: அமுக்கிப் பார்த்தா கட்டி எதுவும் தட்டுப்படல. காய்ச்சலும் இல்ல. ரெண்டு வீட்டு விருந்தை ஒரே வயிறு தின்னிருக்கு, அவ்வளவுதான்.

அவள்: ...ரெண்டு வீடா?

டாக்டர்: ஒரு பேச்சுக்குச் சொன்னேன்மா. ஏன் முகம் இப்படிப் போகுது? பிழைச்சுக்கும். வாந்திக்கு ஒரு ஊசி போட்டு, தோலுக்கடியில தண்ணி ஏத்தணும். ஊசி கொஞ்சம் பெருசு, மருந்து எரியும், துள்ளும். கூட இருக்கிற பையனும் கிளம்பிட்டான். உங்கள்ல ஒருத்தர் இறுக்கிப் பிடிக்கணும்.

அவன்: இறுக்கின்னா?

டாக்டர்: அசைய விடாம. முன்னாடியே சொல்லிடறேன், பிடிக்கிறவங்களைப் பூனை லேசுல மன்னிக்காது. போன வாரம் ஒருத்தர் இங்க வந்து அழறார். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில போயிடுதாம்.

அவள்: எத்தனை நாளைக்கு அப்படி?

டாக்டர்: சிலது மறுநாளே மறந்துடும். சிலது மாசக்கணக்கா வச்சுக்கும்.

அவன்: இவன் எதையும் மறக்க மாட்டான்.

அவள்: இந்த மாசம் முடியறதுக்குள்ள மறந்துடுமா?

டாக்டர்: இந்த மாசத்துல என்ன இருக்கு?

அவள்: ஒண்ணுமில்ல... சும்மா கேட்டேன்.

டாக்டர்: சரி, யாரு பிடிக்கறீங்க? நேரமாகுதுங்க. மூச்சு வாங்குது பாருங்க. ஒருத்தர் வாங்க.

அவள்: நான் பிடிக்கிறேன்.

அவன்: வேண்டாம். நீ தள்ளு, நான் பிடிக்கிறேன்.

அவள்: ஏன், எனக்குப் பிடிக்கத் தெரியாதா?

அவன்: அதுக்கில்ல. உன்னைப் பார்த்து அவன் ஓடினா நீ தாங்க மாட்ட.

அவள்: நீங்க தாங்குவீங்களாக்கும். ஒரு நாள் இவன் வாசலுக்கு வந்து நிக்கலைன்னா சாப்பாட்டையே ஒதுக்கி வைக்கிற ஆளு.

அவன்: பழகிக்கிறேன்.

அவள்: எங்க? அங்க போய், தனியா ஒரு ரூம்ல உக்காந்துக்கிட்டா? தள்ளுங்க.

அவன்: இங்க பாரு. அந்த வெளியூர் வேலைக்குக் கையெழுத்தை நான்தான் போட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேக்காமப் போட்டேன். நான். போதுமா? இதையாவது நான் பிடிக்கிறேன், விடு.

அவள்: ...இதை அன்னைக்குச் சொல்லியிருக்கலாம்ல.

அவன்: வாய் வரல.

அவள்: கையை எடுங்க. நீங்க இறுக்கிப் பிடிக்க மாட்டீங்க.

அவன்: உன்னால மட்டும் முடியுமா?

டாக்டர்: என்னங்க இது? ஊசிக்குப் பூனையைப் பிடிக்க நான் நான்னு அடிச்சுக்கிற ஜோடியை இப்பத்தான் பார்க்கறேன். பிடிக்கிறதுல அப்படி என்ன இருக்கு?

அவள்: பிடிக்கிறவங்ககிட்ட இவன் வர மாட்டான், அப்புறம் இவன் அவங்களுக்கு இல்ல டாக்டர். மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணிட்டு ஆளுக்கொரு ஊருக்குப் போறோம்... அதுக்குள்ள இவன் யார் ரூம்ல போய்த் தானாப் படுக்கறானோ அவங்களோட போகட்டும்னு பேசி வச்சிருக்கோம். அதான் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம ஊட்டி ஊட்டி இப்படிக் கொண்டுவந்து விட்டுட்டோம். நீங்க ஊசியை எடுங்க. நான் தலையைப் பிடிக்கிறேன், இவர் காலைப் பிடிக்கட்டும்.