ஒரே சீரான படம்

எனக்கு அழுக்கான படம் பிடிக்காது. சுவரில் காலண்டர் கோணலாகத் தொங்கினால்கூட எழுந்துபோய் நிமிர்த்திவிடுவேன்.

வைட்ஃபீல்டில் என் வேலையும் படம் தயாரிப்பதுதான். கப்பலிலிருந்து கடலுக்குள் ஒலியை அனுப்புவார்கள். பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கணினியில் போட்டு, எந்த ஆழத்தில் என்ன இருக்கிறது என்று நாங்கள் படமாக்கிக் கொடுப்போம். அதைப் பார்த்துத்தான் எங்கே துளை போடுவது என்று முடிவு செய்வார்கள். எதிரொலிகளில் சில பலமாக வரும், சில மெலிந்து வரும். எல்லாவற்றையும் ஒரே அளவாக்கிக் காட்டும் புரோகிராம் ஒன்றை நான் எழுதினேன். இரண்டு வருட உழைப்பு. 2004 மார்ச்சில், கிழக்குக் கடற்கரை வேலை ஒன்றில் அதை முதன்முதலாக ஓட்டினோம்.

எனக்குக் கீழே வேலை செய்த ரூபினி இரண்டு பிரிண்டுகளோடு வந்தாள்.

“சார், நானூத்தம்பது மீட்டர்ல எதிரொலி பளீர்னு வருது. நம்ம புரோகிராம்ல போட்டா காணாம போயிடுது. அங்க கேஸ் அடைஞ்சிருக்கும்போல சார், துளை போட்டா பீறிட்டுடும். பலத்தை மாத்தாம தரணும்னு கான்ட்ராக்ட்லயே இருக்கே?”

“கப்பல் இரைச்சல்மா அது. விட்டுடு.”

இரைச்சல் இல்லை என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. பதினாறு வருட அனுபவம். ஆனால் அதைச் சொன்னால், என் புரோகிராம் வாயுவை மறைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அதுவும் முதல் வேலையிலேயே. ரூபினியை வேறு பிரிவுக்கு மாற்றச் சொன்னேன். படத்தில் கையெழுத்திட்டு அனுப்பினேன்.

கடலில் துளை போடப் போன குழுவில் என் தம்பி மதலைமுத்து இருந்தான். நான் சிபாரிசு செய்து கிடைத்த வேலை. காக்கிநாடாவில் கப்பல் ஏறும் முன் போன் செய்தான்.

“அண்ணா, உங்க ஆபீஸ் படத்த வச்சுதான் துளை போடுறாங்களாம். கீழ ஒண்ணும் வில்லங்கம் இல்லியே?”

நான் ஒரு வார்த்தை சொன்னால் அவன் மேலதிகாரியிடம் போவான். அவர் எங்கள் அலுவலகத்தைக் கேட்பார். புரோகிராமில் போடாத பழைய படத்தை எடுப்பார்கள். இவ்வளவையும் யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. அவன் மறுமுனையில் பொறுமையாகக் காத்திருந்தான்.

“சுத்தமா இருக்குடா. போ.”

நான்காம் நாள் காலையில் வாயு பீறிட்டு, துளை போடும் மேடை முழுதும் எரிந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். தம்பியின் உடல் கிடைக்கவில்லை. ரூபினி அந்த இரண்டு பிரிண்டுகளையும் விசாரணைக்கு வந்த உங்களிடம் கொடுத்திருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஒக்கலிபுரம் வீட்டில் ஜெபம் முடிந்ததும் தம்பி மனைவி கேத்தரின் என் அருகே வந்து உட்கார்ந்தாள்.

“மாமா, கடைசியா உங்ககிட்டதானே பேசினாரு. பயந்தாரா?”

“இல்லம்மா. தைரியமாத்தான் போனான்.”

அது பொய் இல்லை, சார். அவனுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தவனே நான்தான்.