கசிவு தேடிய வீப்ரன் டோல்ஸ்மா

மேடையில் வீற்றிருக்கும் ஆயர் போஸ்ட்மா அவர்களே, அவருக்கு வலப்பக்கம் இருக்கும் வீப்ரனின் துணைவியார் ஹிஸ்கே அம்மா அவர்களே, இடப்பக்கம் இருக்கும் ஓட்டுநர் பயிற்சி ஆசிரியர் ரைண்டர் அவர்களே, கீழே அமர்ந்திருக்கும் அறுபத்திரண்டு பேரே! உங்களில் நீர் வாரியத்திலிருந்து வந்தவர்கள் ஒன்பது பேர், தேவாலயப் பாடகர் குழுவினர் பதினான்கு பேர், மூன்றாம் வரிசை ஓரத்தில் உக்ரைனிலிருந்து வந்து நம்மோடு தங்கியிருக்கும் ஹலினா. தூங்கிக்கொண்டிருக்கும் கைக்குழந்தையைச் சேர்த்தால் அறுபத்து மூன்று. எழுந்து வருமுன் இரண்டு முறை எண்ணினேன். எண்ணாமல் சொன்னால் வீப்ரன் என்னை விடமாட்டார் என்ற பயம் அவர் மறைந்த பிறகும் போகவில்லை.

முப்பத்தாறு ஆண்டுகள் நம் ஹோல்வெர்ட் கரையின் கடலணைக் கண்காணிப்பாளராக இருந்தவர் வீப்ரன் டோல்ஸ்மா. புயல் வீசும்போது நாம் கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவரை வேண்டினோம். அவர் வேண்டிக்கொண்டே அணைமேல் நடந்தார். எதைத் தேடி? அணை எவ்வளவு உறுதி என்று பார்க்கவா? இல்லை! எங்கே கசிகிறது என்று பார்க்க. அந்த ஒரு கேள்வியைத்தான் அவர் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் மேசைக்குக் கொண்டுவந்தார்.

எங்கள் மேசையைப் பற்றி அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்த மண்டபத்தின் பின்னறையில் வியாழக்கிழமை தோறும் வீப்ரன், ரைண்டர், நான் உட்பட நாங்கள் ஐந்து பேர் கூடுவோம். உக்ரைன் போரைப் பற்றி யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளிவருகிற படங்களை எடுத்து, இது எந்த இடம், எந்த நாள், எந்த நேரம் என்று கண்டுபிடிப்போம். நாங்கள் ஒற்றர்களா? இல்லை. எங்களிடம் இரகசியம் ஏதாவது இருக்கிறதா? ஒன்றுகூட இல்லை. எல்லாம் வெட்டவெளியில் கிடப்பதுதான். இன்றைய போரில் ஒரு சிப்பாயின் கைப்பேசிப் படமும் ஒரு பால்காரியின் காணொளியும் படைத்தலைவர்கள் மறைப்பதைச் சொல்லிவிடுகின்றன. நல்லவர்களுக்கும் சொல்கின்றன, கெட்டவர்களுக்கும் சொல்கின்றன. அதுதான் ஆபத்து.

என் தவற்றையே முதலில் சொல்கிறேன். ஒரு சந்தையில் குண்டு விழுந்த காணொளி. பின்னால் தேவாலயக் கோபுரம், அதில் கடிகாரம், மணி ஒன்பது ஐம்பது. காலை ஒன்பது ஐம்பது என்று எழுதினேன், வெளியிட்டோம். மறுநாள் வீப்ரன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் என் அடுப்படிக்கே வந்துவிட்டார்.

"ஆஃப்கே, நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு பாத்தீங்களா?"

"நிழலை எதுக்குப் பாக்கணும்? அதான் கடிகாரமே இருக்கே. கோயில் கடிகாரம் பொய் சொல்லுமா?"

"பொய் சொல்லாதும்மா. ஆனா நின்னுபோன கடிகாரம் உண்மையும் சொல்லாது."

சூரியன் மேற்கே இருந்தது. நேரம் மாலை நாலேகால். வேறு வேறு நாட்களில் எடுத்த படங்களிலும் அந்த முள் அதே ஒன்பது ஐம்பதில் நின்றது. நேரம் மாறினால் என்ன என்று கேட்கிறீர்களா? அது மாலைச் சந்தை, காலை ஒன்பது ஐம்பதுக்குத் திறந்திருக்காது. நாலேகாலுக்கு நிரம்பி வழியும். குண்டு போட்டவர்கள், "அங்கே யாருமே இல்லையே" என்று சொல்ல நானே வழி செய்து கொடுத்திருந்தேன்! அன்றைக்கே திருத்தம் வெளியிட்டோம். தவறு எவ்வளவு பெரிய எழுத்தில் போயிற்றோ, அதே அளவு எழுத்தில் திருத்தமும் போக வேண்டும் என்றார். போயிற்று, என் பெயரோடு. நான் அழுதேன். அவர் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை நீட்டினார்.

"இனிமே நம்ம தப்பையெல்லாம் நீங்கதான் இதுல எழுதணும். முதல் பக்கம் உங்களுது. சங்கடப்படாதீங்க, ரெண்டாவது என்னுது."

இன்று அதில் முப்பத்தொரு தவறுகள் இருக்கின்றன. நான்கு அவருடையவை. ரைண்டருடையவை எத்தனை என்று இந்த மேடையில் சொல்லப்போவதில்லை.

அன்றிலிருந்து மேசையின் கோடியில் ஒரு நாற்காலி அவருக்கென்று ஆனது. அதில் உட்காருபவர் எதையும் கண்டுபிடிக்கக் கூடாது. மற்றவர்கள் கண்டுபிடித்ததை உடைக்க வேண்டும். அது அவரால் உடையாமல் நின்றால் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு தாளும் வெளியே போகாது. இதுதான் எங்கள் சட்டம்.

உடைக்க முடியாததையும் அவர் ஒருமுறை தடுத்தார். உக்ரைன் வீரர்கள் சிலர் ரொட்டி சுடும் படம் ஒன்றைச் சிரித்த முகத்தோடு வெளியிட்டிருந்தார்கள். ஜன்னல் வழியே தெரிந்த சாலைப் பலகையின் ஒரு மூலையை வைத்தே ரைண்டர் இடத்தைப் பிடித்துவிட்டார்.

"பெரியவரே, இதுல எங்க கசியுதுன்னு சொல்லுங்க பாப்போம்!"

"கசியவே இல்ல. அதான் பயமா இருக்கு. உனக்கு அரை மணி நேரத்துல தெரிஞ்சா, பீரங்கி வெச்சிருக்கிறவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

ரைண்டர் தன் தாளைத் தானே கிழித்துப் போட்டார். அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. படம் போட்டவருக்கு எழுதினோம். இரண்டு மணி நேரத்தில் படம் மறைந்தது. அந்த ரொட்டிக் கூடம் இன்றும் நடப்பதாகச் செய்தி வருகிறது. வெளியிடாமல் விட்டதுதான் எங்கள் மிகச் சிறந்த வேலை!

இனி ஹலினாவைப் பற்றி. அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறேன். அவர் மகன் ஓஸ்டாப் நவம்பரில் போர்முனையில் இறந்துவிட்டதாகக் கடிதம் வந்தது. உடல் வரவில்லை. பிறகு எதிர்த்தரப்பு வெளியிட்ட ஒரு காணொளியில், சிறை முற்றத்தில் கைதிகள் வரிசையாக நிற்கிறார்கள். ஏழாவது ஆள் பாதி முகம் திருப்பியிருக்கிறார். என் மகன் என்று ஹலினா அலறிவிட்டார். முற்றத்துக் கொட்டகையின் கூரை புதுத் தகடு. செயற்கைக்கோள் படத்தில் ஜனவரி ஒன்பதாம் தேதி அந்தக் கூரையே இல்லை. அப்படியென்றால்? காணொளி அதற்குப் பிறகுதான் எடுத்தது. அந்த ஏழாவது ஆள் ஓஸ்டாப் என்றால், இறந்ததாகச் சொன்ன நாளுக்குப் பிறகும் அவர் உயிரோடு நின்றிருக்கிறார்!

கைதிகளைத் தேடும் அலுவலகம் இம்மாத முடிவுக்குள் எங்கள் அறிக்கையைக் கேட்கிறது. மாற்றிக்கொள்ளும் கைதிகளின் அடுத்த பட்டியலுக்கு அதற்குள் பெயர் போக வேண்டும். தவறான பெயரை அனுப்பினால், நாளை வேறொரு தாய்க்காக நாங்கள் எழுதுவதை யார் நம்புவார்கள்?

வீப்ரன் ஏழு கேள்விகள் எழுதினார். ஐந்துக்கு விடை கண்டு அடித்துவிட்டார். அந்த ஐந்தும் கசியவில்லை. ஆறாவது: கூரையும் அந்த மனிதரும் வெட்டு ஒட்டு இல்லாத ஒரே காட்சியில் வருகிறார்களா? ஏழாவது: அதே படைப்பிரிவில் காணாமற்போன, அதே சாயலுள்ள இன்னொருவர் இருக்கிறார். காதின் வடிவம் யாருடையது? ஆறாவதன் எதிரே பேனாவை வைத்தபோதுதான் ஆண்டவர் அவரை அழைத்துக்கொண்டார்.

ஹலினா, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வாராவாரம் நீங்கள் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை கொண்டுவந்தீர்கள். நாங்கள் நால்வரும் தட்டைக் காலி செய்தோம். வீப்ரன் ஐந்து வாரம் ஒன்றைக்கூடத் தொடவில்லை. "அந்த மனுஷனுக்கு என்மேல என்ன கோவம்?" என்று என்னிடம் கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை. நேற்று ஹிஸ்கே அம்மா சொன்னார்.

"நானும் கேட்டேன், ஆஃப்கே. 'அந்தம்மா கையால சாப்பிட்டுட்டா எனக்கு அது அவங்க பையனாவே தெரிய ஆரம்பிச்சிடும், அப்புறம் எப்படி உடைச்சுப் பாப்பேன்'னாரு. யாருக்கும் தெரியாம தன் பங்கை வீட்டுக்குக் கொண்டுவந்து, இதை எடுத்து வை, கையெழுத்துப் போட்ட அன்னைக்குச் சாப்பிடறேன்னாரு. பன்னிரண்டு கொழுக்கட்டை எங்க வீட்டு உறைபெட்டியில இருக்கு."

கோபம் இல்லை ஹலினா! உங்கள் மகனுக்காக அவர் பசியோடு இருந்தார்.

அவையோரே, மறைந்தவருக்கு மலர் போதுமா? அந்த நாற்காலி காலியாக இருக்கிறது. நாங்கள் நால்வரும் அதில் உட்காரத் தகுதியற்றவர்கள். கொழுக்கட்டை தின்றவர்கள், அது ஓஸ்டாப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று முழங்காலிட்டு வேண்டுகிறவர்கள். உடைக்க மனம் வராது. உடைத்துப் பார்க்காத நம்பிக்கையை அந்த அலுவலகத்துக்கு நாங்கள் அனுப்பமாட்டோம் என்று இந்த மண்டபத்தில் வீப்ரன் பெயரால் உறுதி சொல்கிறோம். ஐந்து கேள்விகளைத் தாண்டியது மீதி இரண்டையும் தாண்டும் என்றே நான் நம்புகிறேன். ஆனால் என் நம்பிக்கை கையெழுத்தாகாது.

கணினி தெரிய வேண்டியதில்லை, நாங்கள் கற்றுத் தருவோம். கண்ணும் பிடிவாதமும் போதும். இன்று காபியோடு இரண்டு தட்டு வைத்திருக்கிறோம். வெள்ளைத் தட்டில் கேக். நீலத் தட்டில் ஹலினாவின் கொழுக்கட்டை. அந்த நாற்காலியில் உட்காரலாம் என்று உங்களில் யாருக்காவது தோன்றினால், தயவுசெய்து நீலத் தட்டைத் தொடாதீர்கள். என் தொலைபேசி எண் கதவருகே எழுதியிருக்கிறது. வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்குள் எனக்குப் பதில் சொல்லுங்கள்.