மருந்துச் சொட்டைக் கூட்டிய மத்தியானம்

— மறுபடியும் டிரிப்ஸ் சொட்டக் கூட்டறீங்களா சிஸ்டர்? இப்பத்தானே கூட்டினீங்க!

— டாக்டர் போன்ல சொல்லிட்டாங்க கண்ணு. வலி இன்னும் சூடு பிடிக்கலயாம்.

— சூடு பிடிக்கலயா? எனக்கு உயிரே போகுது! காலைல, குறிச்ச நாள் தாண்டிப்போச்சு, வலி வர மருந்த ஏத்துங்கன்னு சொல்லிட்டுப் போனவங்கதான். அப்புறம் எட்டிக்கூடப் பாக்கல.

— குழந்தை தலை தெரியும்போது கூப்பிடுன்னாங்க. கவலைய விடு. நான் பாக்காத பிரசவமா?

— அதானே! சிஸ்டர் இருக்காங்க, தங்கச்சி நான் இருக்கேன். இத்தனை வருஷம் காத்திருந்து வர்ற புள்ள அக்கா, சிரிச்சுக்கிட்டே பெத்துக்கோ.

— நீ வாய மூடு. வலிக்கறது எனக்கு... ஐயோ, வந்துருச்சு!

— என் கையப் புடி. அத்தான் கைன்னு நினைச்சு நல்லா நசுக்கு.

— அவர் வரட்டும், அவருக்கு இருக்கு!

— பாத்தியா, நீ கோவப்பட்டதும் மிஷின்ல உன் புள்ள நெஞ்சு எப்படி வேகமா அடிக்குதுன்னு! இப்பவே அம்மா கட்சி.

— ஆமா கண்ணு. எனக்கு அஞ்சு கட்டில் பாக்கணும். எங்க நின்னாலும் காது இங்கேதான் இருக்கும். சொட்டு கூடினா சில புள்ளைங்க திணறும், இந்தச் சத்தம் கேக்கற வரைக்கும் நான் நிம்மதி.

— காலைல குதிரை ஓடற மாதிரி கேட்டுச்சே சிஸ்டர். நான் ஒருக்களிச்சுப் படுத்ததுல இருந்து நிதானமாயிருச்சு.

— வெளிய வரப்போற புள்ளைக்கு அசதி இருக்காதா? எல்லாம் நார்மல் கண்ணு, நார்மல்.

— வயித்துல கட்டின மிஷின் பெல்ட்டும் நகந்துட்ட மாதிரி இருக்கு. ஒரு தடவ பாத்துடுங்களேன்.

— அதான் கணீர்னு கேக்குதே! கேக்காட்டித்தானே பெல்ட்டத் தொடணும்?

— அக்கா, வலி விட்டுருச்சா? என் கைய விட்டுட்டு உன் மணிக்கட்ட எதுக்கு அமுக்கறே?

— உஷ்.

— என்னக்கா? மூஞ்சி ஏன் இப்படி ஆயிருச்சு?

— பேசாதே. உன் விரல இங்க வை. வச்சுக்கிட்டு மிஷினக் கேளு.

— கேக்குது... அக்கா. ரெண்டும் ஒண்ணா அடிக்குது.

— சிஸ்டர், சொட்ட நிறுத்துங்க. டாக்டர இப்பவே வரச் சொல்லுங்க. இவ்வளவு நேரமா நீங்க கேட்டுக்கிட்டு இருந்தது என் நெஞ்சு. என் புள்ளையோடதத் தேடுங்க.