எஞ்சின் குறையக் குடிக்கிறது

"ஈர்க்கு இருக்கேக்க மீற்றர் என்னத்துக்கப்பா?" என்று என் கணவர் ஜனகன் கேட்டார்.

"ஆகாயத்தில நிண்டு தாங்கியைத் திறந்து ஈர்க்கு விடுவீங்களோ?" என்றேன் நான்.

அவர் சிரித்துவிட்டார். "சரி ரீச்சர், வாங்குவம்."

பெற்றோல் அளக்கும் அந்தச் சென்சர் யாருடைய யோசனை என்று நீங்கள் கேட்டீர்கள், ஐயா. என்னுடையதுதான்.

ஈர்க்கு விஷயம் வன்னியில் இருந்தவர்களுக்குத் தெரியும். நீங்கள் கொழும்பிலிருந்து விசாரிக்க வந்தவர் என்பதால் சொல்கிறேன். சண்டைக்காலத்தில் எங்களுக்குப் பெற்றோல் போத்தலில்தான் கிடைக்கும். நாலு சொட்டுப் பெற்றோலில் மோட்டார் சைக்கிளை உசுப்பிவிட்டு, மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். பெற்றோல் காட்டும் முள்ளை யாரும் நம்புவதில்லை. தென்னோலை ஈர்க்கைத் தாங்கிக்குள் விட்டு, நனைந்த அளவைப் பார்த்துவிட்டுத்தான் வெளிக்கிடுவோம். ஜனகன் அந்தப் பழக்கத்தைப் பிரான்சுக்கும் கொண்டுபோய்த் திரும்பவும் கொண்டுவந்தார். அங்கே ஒரு சிறிய விமானத்தளத்தின் பட்டறையில் அவருக்கு வேலை. இருந்தும் இங்கே தன் கையால் கட்டிய விமானத்தின் தாங்கிக்குள் ஈர்க்குத்தான் விட்டார்.

அந்த விமானத்தைப் பெட்டிகளில் வந்த துண்டுகளை வைத்து, ஸ்கந்தபுரத்தில் எங்கள் வளவிலுள்ள நெல்லுக் கொட்டிலுக்குள் கட்டினார். இரண்டு பேர் இருக்கலாம். ஊர் சிரித்தது. "ரீச்சர், பிளேன் அடைக்கு இருக்குதோ? எப்ப குஞ்சு பொரிக்கும்?" என்று கடையில் கேட்பார்கள். நானும் சிரிப்பேன்.

அவர் பிரான்சில் இருந்த காலம் முழுவதும் காத்திருந்தேன். அதைக் குறையாகச் சொல்லவில்லை. இங்கே எத்தனையோ பெண்கள் அப்படித்தான். வந்தபிறகு அவர் கொட்டிலுக்குள் போய்விட்டார். பள்ளிக்கூடத்தால் வந்து சமைத்து, சோற்றை அங்கேதான் கொண்டுபோவேன். ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு மற்றக் கையால் இறக்கையைத் தடவிக்கொண்டிருப்பார். எனக்குக் களைப்பாக இருந்தது, ஐயா. கோபம் என்று எழுதவேண்டாம். களைப்பு.

பறக்க அனுமதி கிடைத்த அன்று அழுதேன். அவர் என் தலையைத் தடவினார். "எஞ்சின் ஒருக்கா எண்டாலும் மேல நிண்டிச்செண்டால் அதோட பறக்கிறதை விட்டிடுறன். பிள்ளையார் சத்தியம்" என்றார். கோயிலில் தேங்காயும் உடைத்தார். சத்தியம் மீறுகிற மனிதர் இல்லை அவர். அதை நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை.

சென்சரை நல்லதாகத்தான் தெரிவுசெய்தேன். மலிவான ஒன்றும் இருந்தது. அதற்குள் சுற்றும் சின்னச் சக்கரம் இறுகினால் பெற்றோல் வரும் வழியே அடைபடும். நான் எடுத்ததில் சக்கரம் நின்றாலும் பெற்றோல் ஓடும். உயிரோடு விளையாடும் எண்ணம் இருந்திருந்தால் மலிவானதை அல்லவா எடுத்திருப்பேன்? இருவருமாகவே பூட்டினோம். பெற்றோலை வடிக்கும் வடிக்குப் பிறகு, காபரேற்றருக்கு முன்னால், சூட்டுக்குழாய்க்கு எட்டத்தில். இருபுறமும் குழாய் வளையாமல் நேராக இருக்கவேண்டும். வயர்கள் மேலே பார்த்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் காற்றுக்குமிழி உள்ளே தங்கிவிடும். பூட்டிய விதத்தில் பிழை இல்லை என்று உங்கள் ஆட்களே சொன்னார்களாம். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

பெற்றோல் ஓட ஓட உள்ளே அந்தச் சின்னச் சக்கரம் சுற்றித் துடிப்பு அனுப்பும். ஒரு லீற்றருக்கு எத்தனை துடிப்பு என்ற எண்ணை விமானத்தின் திரையில் கொடுத்தால், குடித்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று அது கணக்குச் சொல்லும். எண்ணைக் கூட்டிக் கொடுத்தால் குடித்ததைக் குறைத்துச் சொல்லும். ஜனகனுக்குக் கிட்டப் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. "நீயே அமத்து, ரீச்சர்" என்றார். நான்தான் அமத்தினேன்.

முதலில் சரியான எண்ணைத்தான் கொடுத்தேன். ஒவ்வொரு முறை இறங்கியதும் அவர் ஈர்க்கு விடுவார். திரை சொன்னதும் ஈர்க்கு சொன்னதும் ஒன்றாக இருக்கும். "உன்ர மீற்றர் பொய் சொல்லாதப்பா" என்று பெருமைப்படுவார். மாரி முழுவதும் அப்படிப் போனது. ஒருநாள் ஈர்க்கைக் காணவில்லை. கேட்டதற்கு, "அதென்னத்துக்கு இனி?" என்றார். அவர் அப்படிச் சொல்லும்வரை பொறுத்திருந்தேன். அதன்பிறகுதான் அந்த எண்ணைக் கூட்டி மாற்றினேன்.

வயல்கள் அறுத்து முடிந்த காலமாகப் பார்த்துத்தான் மாற்றினேன் என்பதையும் எழுதுங்கள். எஞ்சின் நின்றால் அறுத்த வயலில் இறக்குவதற்கு அவர் பயிற்சி எடுத்திருந்தார். ஒரு குலுக்கல், ஒரு பயம், பிறகு வீடு. இவ்வளவுதான் என் கணக்கு.

அவர் சந்தோஷப்படுவார் என்பதை நான் நினைக்கவில்லை. "பாத்தியே, எஞ்சின் இப்ப குறையக் குடிக்குது. உடம்பு பழகீட்டுது அதுக்கு" என்று ஊரெல்லாம் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில்தான் தங்கையைக் கூப்பிட்டார். கௌசலா அக்கராயனில் முன்பள்ளி ரீச்சர். கடலை மேலே இருந்து பார்க்கவேண்டும் என்று அவளுக்கு நெடுநாள் ஆசை. அவ்வளவு தூரத்துக்கு எண்ணெய் காணாது என்று முன்பெல்லாம் மறுத்துவந்தவர், இப்போது காணும் என்றார்.

காலையில் அவள் பூச்சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். "அண்ணை, விழுந்தால் என்ர சீதனம் உனக்கு மிச்சம்" என்றாள்.

"வாயை மூடிக்கொண்டு ஏறடி" என்றார் இவர்.

"மச்சாள், அடுத்தமுறை நீங்கள், என்ன?" என்று என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.

அவளுடைய பட்டியை நான்தான் இறுக்கிவிட்டேன். அந்த நேரத்தில் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். உங்கள் முகத்தில் அந்தக் கேள்வி தெரிகிறது. யோசித்தேன், ஐயா. தங்கையும் பக்கத்தில் இருக்கும்போது எஞ்சின் நின்றால் அவருக்குப் பயம் இரட்டிப்பாக இருக்கும், சத்தியமும் உறுதியாக நிற்கும் என்று தோன்றியது. கதவைச் சாத்திவிட்டு விலகி நின்றேன்.

கடலைப் பார்த்துவிட்டார்கள். திரும்பும் வழியில், திரை இன்னும் மிச்சம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, எஞ்சின் நின்றது. கீழே வயல் இருக்கவில்லை. காடு இருந்தது. கௌசலா அங்கேயே முடிந்துவிட்டாள். அவளைக் கொன்றது நான். எண்ணை மாற்றியபோது இல்லாவிட்டாலும், பட்டியை இறுக்கியபோது இது நடக்கக்கூடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இப்போது வீட்டில்தான் இருக்கிறார். துடைத்து, உடுப்பு மாற்றி, சோறு ஊட்டுகிறேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தானப்பா அவளைச் சாக்காட்டிப்போட்டன்" என்று அழுவார். "அழாதேங்கோ" என்பேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நாங்கள் இவ்வளவு நேரம் சேர்ந்திருந்ததில்லை.

அவருடைய கவலையீனம் என்று அறிக்கை எழுதி, வழக்கு வைக்கப்போவதாகச் சொன்னீர்கள். அந்த உடம்போடு அவரை மறியலில் அடைபட விட என்னால் முடியாது. அதனால்தான் வந்தேன். எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்து வைக்கிறேன்.

பேனையை நீட்டினீர்கள். நான் இன்னும் வாங்கவில்லை. வந்ததிலிருந்து ஒன்று கேட்க நினைத்திருந்தேன். கேட்டுவிடுகிறேன்.

"ஐயா, அவருக்கு இதைச் சொல்லாதேங்கோ. வழக்கு இல்லையெண்டு மட்டும் சொல்லுங்கோ. தங்கச்சியைத் தான்தான் சாக்காட்டினதெண்டே அவர் நினைச்சுக்கொண்டு இருக்கட்டும். உண்மை தெரிஞ்சால், பாவம், பிறகு அவர் ஆரில அன்பு வைக்கிறது?"