எட்டாவது கம்பி

“பூரணி, நீ தொட்டுக் குடுத்தாத்தான் இது பேசுது,” என்றார் இக்னாஸ். கல்யாணத்துக்கு முன்பு, என் கடை வாசலில், கிட்டாரைக் கையில் பிடித்துக்கொண்டு.

“தொட்டதுக்குக் கூலி உண்டு,” என்றேன்.

“கூலியா ஆயுசு முழுக்க நானே வந்துடறேன். போதுமா?”

போதும் என்றுதான் நினைத்தேன், டாக்டரம்மா. ஆயுசு முழுக்க என்று சொன்னது அவர். நான் அதை மறக்கவில்லை, அவ்வளவுதான்.

காது சோதிக்கும் அந்த ஹெட்ஃபோனை எனக்கு மாட்ட வேண்டாம். சைகோனில் இருந்தாலும் நீங்கள் நாகூர்க் குடும்பம். தமிழில் சொன்னால் புரியும். அதனால் சொல்கிறேன்.

ஏழு கம்பி, எட்டுக் கம்பி மின் கிட்டார்களைச் சரிசெய்வது என் தொழில். சாதாரணக் கிட்டாரைவிட இவை அடம் பிடிக்கும். எட்டாவது கம்பியின் சுருதி மிகத் தாழ்ந்தது. அதற்குத் தடித்த கம்பி வேண்டும். மெல்லியதாகப் போட்டால் இழுவிசை போதாமல் துணிக்கொடி போலத் தொங்கும். விரல் சற்று அழுந்தினாலே சுருதி ஏறிவிடும். கம்பி போய் உட்காரும் சேடில் என்ற சிறு இரும்புத் துண்டையும் திருகிப் பின்னால் தள்ள வேண்டும். முன்னால் விட்டால், வெறும் கம்பியைத் தட்டும்போது சுருதி பார்க்கும் டியூனர் எல்லாம் சரி என்று பச்சை விளக்குக் காட்டும். விரல் மேலே போகப் போகத்தான் பிசகும்.

வுங் டாவ் கடற்கரை விடுதிகளில் வாசிக்கும் குழு ஒன்றின் தலைவர் மிஷேல். ஐரோப்பாவில் இரண்டு வருடம் சுற்றி வாசிக்க ஆள் தேடினார். அவருக்கு வாசித்துக் காட்டப் போவதற்கு முந்தின நாள் இக்னாஸ் கிட்டாரை என் மேசையில் வைத்து, என் நெற்றியில் முத்தமிட்டார். நான் மெல்லிய கம்பி போட்டேன். சேடிலை ஓர் அரிசி அளவு முன்னால் நகர்த்தினேன். சில பெண்கள் அழுவார்கள், சிலர் தாய் வீட்டுக்குப் போவார்கள். நான் ஒரு திருகாணியைத் திருப்பினேன்.

மிஷேல் வேறு ஆளை எடுத்துக்கொண்டார். திரும்பி வந்தவருக்குச் சூடாக ஃபோ நூடுல்ஸ் செய்து கொடுத்தேன். கிட்டாரில் ஒன்றுமில்லை, உங்கள் விரல்தான் அழுத்துகிறது, காதும் கொஞ்சம் மந்தமோ என்னவோ என்று ஆறுதல் சொன்னேன்.

பிறகாவது சரிசெய்திருக்கலாமே என்பீர்கள். ஆனால் வேறு குழுக்களும் கூப்பிட்டன. அவர் விரல் அந்தப் பிசகுக்குப் பழகிக்கொள்ளும்போதெல்லாம் சேடிலை இன்னும் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது. நுணுக்கமான வேலை. அவரிடம் கிட்டார் கற்ற மாணவர்கள் நின்றுவிட்டார்கள். மாதா கோயில் பாடகர் குழுவிலிருந்து அவராகவே விலகினார். மகளுக்குத் தாலாட்டுப் பாடுவதையும் விட்டுவிட்டார். பிள்ளையின் காதும் கெட்டுவிடக் கூடாதாம். எவ்வளவு பொறுப்பான அப்பா, பாருங்கள். இப்போது என் கடையில் கிட்டார்களைத் துடைத்து வைக்கிறார். நன்றாகவே துடைக்கிறார். எங்களைப் போல் ஒற்றுமையான தம்பதி இந்தச் சைகோனில் அபூர்வம்.

போன வருடம் நீங்கள் அவர் காதைச் சோதித்து, குறையே இல்லை என்றீர்கள். அன்றிலிருந்து என்னிடம் ஏதோ கேட்க வருவார். விழுங்கிக்கொண்டு காபி போடப் போய்விடுவார். இன்று காலை பைக்கைக் கிளப்பாமல், கைப்பிடியைப் பார்த்தபடியே கேட்டுவிட்டார்.

“பூரணி, கோவிச்சுக்காதே. என் காது நல்லாருக்குன்னுட்டாங்க. அப்ப உனக்குத்தான் கொஞ்ச நாளாச் சரியாக் கேக்கலையோன்னு நெனைக்கிறேன். ஒருதரம் வந்து காட்டிக்கயேன். எனக்காக.”

என்னை இதுவரை யாரும் இப்படி அவமானப்படுத்தியதில்லை. சேடிலை எவ்வளவு நகர்த்தினால் எவ்வளவு பிசகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் நான். வெளியே உட்கார்ந்திருக்கிறார். என் காதில் ஒரு குறையும் இல்லை என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள். வேறொன்றும் அவருக்குத் தெரிய வேண்டாம்.