மஞ்சள் அட்டை

— டிக் அடிச்சாச்சு, சிஸ்டர். ‘வீட்டிலேயே நானே பரிசோதனை மாதிரி எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.’ மூணாவது தடவையா அதே கட்டத்துல.

— ரொம்ப சந்தோஷம், கண்டக்டரே. உங்க விருப்பத்தைப் பதிவு பண்ணிக்கிட்டோம். இப்ப திரைக்குப் பின்னாடி போய்ப் படுங்க.

— அப்புறம் எதுக்குக் கேக்கறீங்க?

— கேக்கறது மேலிடத்து உத்தரவு. குடுக்கறது என் இஷ்டம்.

— அலமாரி நிறைய அந்த டெஸ்ட் டப்பா அடுக்கி வச்சிருக்கீங்களே, அதெல்லாம் கண்காட்சியா?

— நான்தான் பூட்டி வச்சிருக்கேன். தொண்டையில குச்சி விடச் சொன்னா உதட்டைத் துடைச்சுக் கொண்டு வருவீங்க.

— ஓடற பஸ்ஸுல கம்பியைப் பிடிக்காம எண்பது பேருக்கு டிக்கெட் கிழிக்கறவன் நான். என் தொண்டைக்கு எனக்கு வழி தெரியாதா?

— தொண்டை மட்டும் இல்லையே.

— மத்த இடத்துக்கும் வழி தெரியும். என் உடம்புதானே, புது ரூட்டா என்ன.

— இதுல என்ன வெட்கம்? எச்ஐவி வராம இருக்க தினம் மாத்திரை போடறீங்க. மத்த பால்வினை நோய் ஏதாவது ஒட்டிக்கிச்சான்னு மூணு மாசத்துக்கு ஒருக்கா பாக்கணும். பாத்தாத்தான் அடுத்த மாத்திரை.

— உங்ககிட்ட வெட்கமில்லை, சிஸ்டர். வெளியில இருக்கே பெஞ்சு, அதுதான். இந்த மஞ்ச அட்டை எந்த மகராசியோட யோசனை?

— இந்த மகராசியோடதுதான். பேரைக் கூப்பிட்டா மானம் போகுதுன்னீங்க. பேரில்லாம நம்பர் அட்டை போட்டேன்.

— காய்ச்சல்காரனுக்கு வெள்ளை. எங்களுக்கு மட்டும் பளிச்சுனு மஞ்சள். போன தடவை பக்கத்துல இருந்த அம்மா அட்டையைப் பாத்துட்டு, பையை மடியில தூக்கி வச்சுக்கிட்டு நகந்துச்சு. மறுநாள் என் பஸ்ஸுல ஏறிச்சு. சில்லறையை என் கையில குடுக்கலை, சீட்டு மேல வச்சுச்சு.

— அதுக்காக ரெண்டு வாரம் தள்ளிப் போட்டீங்களா? மாத்திரை?

— நேத்தோட தீர்ந்துச்சு. ரத்தம் இங்கயே எடுத்துக்கோங்க, அந்த வரிசையில ஊரே நிக்குது, யாரும் கண்டுக்க மாட்டாங்க. மத்ததுக்கு டப்பா குடுங்க. முடியாதுன்னா மாத்திரையும் வேண்டாம், டெஸ்டும் வேண்டாம். அந்த பெஞ்சுல இனி உக்கார மாட்டேன்.

— மிரட்டறீங்க. நான் பெத்த பிள்ளையா இருந்தாலும் அந்த பெஞ்சு வழியாத்தான் உள்ள வரணும். அப்படி ஓரமா நில்லுங்க, பதினாலாம் நம்பரைக் கூப்பிடணும். ரெண்டு தடவை கத்திட்டேன், ஆளைக் காணோம்.

— பதினாலா? இந்தாங்க.

— அந்த அட்டை உங்க பையில எப்படி?

— பக்கத்துல ஒரு தம்பி இருந்தாரு. ‘இன்னைக்கு வேற சிஸ்டர்தானே’ன்னு ரெண்டு தடவை கேட்டாரு. நீங்க கதவைத் திறந்து நம்பர் கூப்பிட்டீங்க. அட்டையை என் கையில திணிச்சுட்டு, ஹெல்மெட்டை உள்ளயே மாட்டிக்கிட்டு ஓடிட்டாரு.

— பயந்தாங்கொள்ளி.

— உங்க குரலுக்கு எங்க டிரைவரே பிரேக் போடுவாரு.

— இன்னைக்கு வேற சிஸ்டர் டியூட்டிதான். காலையிலதான் மாத்திக்கிட்டோம், வீட்டுல கூடச் சொல்லலை. ஹெல்மெட் என்ன நிறம்?

— சிவப்பு. பின்னாடி விரிசல் விட்டிருந்துச்சு. அது மேல பெருக்கல் குறி மாதிரி ரெண்டு ஆஸ்பத்திரி பிளாஸ்திரி. ஏன், தெரிஞ்சவரா?

— இந்தாங்க, அலமாரிச் சாவி.

— சிஸ்டர்? சாவியை எதுக்கு என்கிட்ட நீட்டறீங்க?

— நீங்களே திறங்க. உங்களுக்கு ஒரு டப்பா எடுத்துக்கோங்க. இன்னொண்ணை என் பையில போடுங்க, எங்க வீட்டு பாத்ரூம் அலமாரியில சத்தமில்லாம வச்சுடறேன். அந்த பிளாஸ்திரியை ஒட்டினது நான்தான், கண்டக்டரே.