மஸீனாவின் போனில் இருந்த வீடியோ

போனைக் கொம்பியூட்டரோடு இணைத்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். கண்டியில் என் போன் கடைக்கு வருகிற எல்லோருக்கும் இதைத்தான் சொல்வேன். போனில் எடுக்கும் படம் தானாகவே கொம்பியூட்டரிலும் வந்துவிடும். இரண்டு இடத்தில் இருந்தால் தொலையாது என்று சனம் நிம்மதியாகப் போகும். ஓர் இடத்தில் அழித்தால் மற்ற இடத்திலும் அழிந்துவிடுமா என்று யாரும் கேட்பதில்லை. கேட்காததை நான் ஏன் சொல்ல வேண்டும்? என் மனைவி மஸீனாவும் கேட்கவில்லை. அவளுடைய போனைக் கடைக் கொம்பியூட்டரோடு நான்தான் இணைத்துக் கொடுத்தேன்.

எங்கள் மகன் ஹுதைபா தெல்தெனியப் பக்கம் நீர்த்தேக்கத்தில் மூழ்கி மௌத்தானான். ஏழு வயது. பயணம் போனால் நானும் மஸீனாவும் ஒரே நேரத்தில் தொழுவதில்லை. ஒருவர் தொழ, மற்றவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்வோம். அன்று நண்பகல் லுஹரை அவள்தான் முதலில் தொழுதாள். தொழுது முடித்த பிறகும் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் துஆக் கேட்பது அவள் வழக்கம்.

"நான் தொழப் போறேன், புள்ளயப் பாத்துக்கோ எண்டு சொன்னேன். நீ தலையாட்டின தானே" என்றேன், ஜனாஸா வைத்திருந்த வீட்டில், எல்லோர் முன்னாலும்.

மஸீனா முதலில் இல்லை என்றாள். பிறகு ஞாபகமில்லை என்றாள். அவளைப் பெற்ற உம்மாவே அவளை ஏசினார். கடைசியில் அவளும் நம்பிவிட்டாள்.

சில வாரம் கழித்துக் கடைக்குப் போன் எடுத்தாள்.

"மகன் அண்டைக்கி என்ட போன பிளாஸ்க்ல சாச்சி வெச்சி வீடியோ எடுத்தான். அது உள்ளுக்கு ஈக்கிது. தனியப் பாக்கத் தைரியமில்ல. நீங்க வந்தா பாப்பம்."

"வாறேன். சேந்து பாப்பம்" என்றேன்.

அந்த வீடியோ எனக்குப் புதிதல்ல. அவனை அடக்கிய அன்றே கடைக் கொம்பியூட்டரில் பார்த்துவிட்டேன். அதில் மஸீனா தூரத்தில் தொழுகைப் பாயில் கண்மூடி இருக்கிறாள். நான் கரையில் நிற்கிறேன். "வாப்பா, ஆழமா ஈக்கி" என்கிறான் ஹுதைபா. "ஆம்புளப் புள்ள பயப்படுறதா? எறங்கு" என்கிறேன். அவன் இறங்குகிறான். நான் கரையிலேயே நிற்கிறேன். எனக்கும் நீந்தத் தெரியாது.

அதற்காக என்னை அப்படிப் பார்க்க வேண்டாம். பயந்தாங்கொள்ளிப் பிள்ளை வளர்க்க எனக்கு இஷ்டமில்லை; இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். அந்த வீடியோவால் யாருக்கு என்ன நன்மை? அவள் போனை வைத்ததும் கொம்பியூட்டரில் அழித்தேன். அழித்தவை போய்க் கிடக்கும் இடத்தையும் துடைத்தேன். நான் வீடு போய்ச் சேர்வதற்குள் அவள் போனிலும் அது இல்லை.

"இல்லியே. ரெண்டு எடத்திலயும் ஈக்கும் எண்டீங்களே" என்று போனைத் திரும்பத் திரும்பத் தேடினாள்.

"நீதான் எங்கயாவது கை பட்டு அழிச்சிருப்ப" என்றேன். அதற்கும் தலையைக் குனிந்துகொண்டாள்.

இப்போது தினமும் நான் கடைக்குக் கிளம்பும்போது வாசலுக்கு வருகிறாள். "என்ன மன்னிச்சிட்டீங்களா?" என்று கேட்கிறாள். வேறொருவன் என்றால் எப்போதோ தலாக் சொல்லியிருப்பான். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அவளை மனதார மன்னித்துவிட்டேன்.